குரோனியூஃப்காவுக்குப் போகிறேன்

வார்சாவில் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். ஒரு குளிர்காலத்தில் ஆட்குறைப்பு வந்தது. யார் யார் போக வேண்டும் என்று முடிவு செய்தவர்களை நாங்கள் பார்த்ததே இல்லை. எக்செல் கோப்பு ஒன்று வந்தது, அவ்வளவுதான். விடுப்புப் பாக்கியைக் கணக்கிடுவது, பணிச் சான்றிதழ் அடிப்பது எல்லாம் எங்கள் பாடு.

கோப்பின் நடுவில் என் பக்கத்து இருக்கை அம்மாவின் பெயர் இருந்தது. ஐம்பதைத் தாண்டியவர். 'பானி' என்றுதான் கூப்பிடுவேன். போலிஷ் மொழியில் பெண்களுக்கான மரியாதைச் சொல். என்ன பேசுவது என்று தெரியாமல் நான் விழிக்க, அவரே சொன்னார்: "சரி, இனிக் குரோனியூஃப்காவுக்குப் போக வேண்டியதுதான்."

"அது எந்தப் பக்கம் இருக்கிற ஊர்?" என்று கேட்டுவிட்டேன். அத்தனை நாளில் அன்றுதான் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

ஊர் இல்லை. வேலையில்லாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகைக்குப் பேச்சுவழக்கில் அதுதான் பெயர். யாட்செக் குரோன் என்ற அமைச்சரின் பெயரிலிருந்து வந்தது.

குரோன் 1934இல் லிவிவ் நகரில் பிறந்தவர். இளமையில் தீவிரக் கம்யூனிஸ்ட். 1965இல் நண்பர் கரோல் மோட்செலெவ்ஸ்கியோடு சேர்ந்து ஆளும் கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தொழிலாளர் பெயரைச் சொல்லி ஆள்வது அதிகாரிகள் கூட்டம்தான் என்பது அதன் சாரம். மூன்று வருடச் சிறை. 1968 மாணவர் போராட்டத்துக்குப் பிறகு மறுபடியும் சிறை.

எனக்குப் பிடித்த பகுதி 1976. அந்த ஜூனில் உணவு விலையை ஏற்றியதும் ராதோமிலும், ஊர்சுஸ் டிராக்டர் தொழிற்சாலையிலும் வேலைநிறுத்தம். பிடிபட்டவர்களை அடித்தார்கள், வேலையைப் பறித்தார்கள். அவர்களுக்குப் பணமும் வக்கீலும் தேடித் தர, செப்டம்பரில் தொழிலாளர் பாதுகாப்புக் குழு உருவானது. குரோன் அதன் முக்கியமான ஆட்களில் ஒருவர். தலைமறைவு இயக்கம் என்றால் புனைபெயர் வைத்துக்கொள்வார்கள். இவர்களோ அறிக்கைக்கு அடியில் சொந்தப் பெயரையும் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் போட்டார்கள். அப்புறம் குரோன் வீட்டுத் தொலைபேசிதான் நாட்டின் செய்தி நிலையம். எந்த ஊரில் யாரைப் பிடித்தாலும் அங்கே அழைப்பு வரும். அவரோ மனைவி கிரஜினாவோ எடுத்து, வெளிநாட்டு நிருபர்களுக்குச் சொல்வார்கள். அன்றிரவே மேற்கத்திய வானொலி வழியாகப் போலந்து முழுக்கத் தெரிந்துவிடும். போலீஸும் ஒட்டுக்கேட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் வந்ததும் மீண்டும் சிறை. 1982இல் கிரஜினா இறந்தபோதும் அவர் காவலில்தான் இருந்தார்.

1989இல் காட்சி மாறியது. கம்யூனிஸ்ட் அரசும் எதிர்ப்பாளர்களும் நடத்திய வட்டமேசைப் பேச்சு, ஜூன் தேர்தல், செப்டம்பரில் எதிர்ப்பாளர் தரப்பைச் சேர்ந்த பிரதமர் மசோவியெட்ஸ்கியின் அரசு. அதில் குரோன் தொழிலாளர் துறை அமைச்சர். அதற்குமுன் போலந்தில், கணக்குப்படி, வேலையில்லாதவர் என்று ஒருவரும் கிடையாது. 1990 ஜனவரி 1 அன்று, நாட்டைச் சந்தைப் பொருளாதாரத்துக்கு மாற்றும் நிதியமைச்சர் பால்ட்செரோவிச்சின் சீர்திருத்தம் தொடங்கியது. வருடக் கடைசியில் வேலையில்லாதவர்கள் 11 லட்சத்துக்கு மேல். 1993 முடிவில் கிட்டத்தட்ட 29 லட்சம். தொழிலாளர்களுக்காகச் சிறை போனவர் கண் முன்னால்தான் தொழிற்சாலைகளில் ஆள் குறைத்தார்கள். அவர் உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்தார். முதலில் விதிகள் மிகத் தாராளம். வேலையே பார்க்காதவர்களுக்கும் கிடைத்தது. பிறகு இறுக்கினார்கள். தெருவில் இலவச சூப்பும் கொடுத்தார்கள், சில நாள் அவரே கரண்டி பிடித்து ஊற்றினார். அந்த சூப்புக்குத்தான் குரோனியூஃப்கா என்ற பெயர் முதலில் வந்தது. செவ்வாய்க்கிழமை மாலைகளில் தொலைக்காட்சியில் வந்து, ஏன் இப்படி ஆகிறது என்று விளக்குவார். கோட் சூட் கிடையாது, ஜீன்ஸ் சட்டைதான்.

பானியின் அப்பாவுக்கு அப்போதுதான் வேலை போனதாம். "குரோனைத் திட்டிக்கொண்டே தொலைக்காட்சி முன்னால் உட்கார்வார். ஆனால் ஒரு செவ்வாய்கூடத் தவறவிட்டதில்லை."

சீர்திருத்தத்துக்குத் துணை போனதில் தனக்குக் குற்ற உணர்வு உண்டு என்று பின்னாளில் குரோனே வெளிப்படையாகச் சொன்னார். அது போதுமா என்று வேலை போனவர்கள்தான் சொல்ல வேண்டும். 1995 அதிபர் தேர்தலில் அவருக்கு மூன்றாமிடம், சுமார் 9 சதவீத ஓட்டு. 2004 ஜூனில் இறந்தார்.

இதெல்லாம் கேட்ட மறுநாள், வேலை போகிறவர்களுக்கான கடைசி மின்னஞ்சலை நான் அனுப்ப வேண்டியிருந்தது. எந்தக் காகிதம் எப்போது கிடைக்கும், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எப்படிப் பதிவது என்ற விவரங்கள். பழைய மாதிரியின் அடியில் 'மனிதவளக் குழு' என்றும் 'இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்' என்றும் இருந்தது. இரண்டு வருடமாக அதைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன், உறுத்தியதே இல்லை.

இந்த முறை இரண்டு வரியையும் அழித்துவிட்டு என் பெயரையும் மேசைத் தொலைபேசி எண்ணையும் போட்டேன். பெரிய வீரம் ஒன்றும் இல்லை. இதற்காக என்னை யாரும் சிறையில் போடப் போவதில்லை. மேலாளர் முகம் சுளித்திருப்பார், அவ்வளவுதான். இருந்தாலும் அனுப்பு பொத்தானை அழுத்தும்போது விரல் கொஞ்சம் தயங்கியது.

இரண்டு நிமிடத்தில் மணி அடித்தது. எடுத்தேன். குரல் இரண்டு காதிலும் கேட்டது.

"ஒன்றுமில்லை, எண் வேலை செய்கிறதா என்று பார்த்தேன்" என்றார் பானி, பக்கத்து இருக்கையிலிருந்து.