கரடி பார்த்தபோது நான் பார்க்கவில்லை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் கரடியாக இருந்தேன். தீம் பார்க் ஒன்றில் வேஷம் கட்டி நிற்கும் வேலை. அங்கே வேலை செய்யும் நண்பன் முந்தின நாள் இரவு போன் செய்து, "கரடி போடுற பையனுக்குக் காய்ச்சல், உன் உயரம் சரியா இருக்கும், நாளைக்கு ஒரு நாள் வர்றியா?" என்றான். உயரம்தான் அந்த வேலைக்கு முதல் தகுதி என்று எனக்கு அப்போதுதான் தெரியும். அந்த உடையை ஆளுக்காகத் தைப்பதில்லை, கரடிக்காகத் தைக்கிறார்கள். கரடி போன வாரம் எவ்வளவு உயரமோ இந்த வாரமும் அவ்வளவு உயரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது தடவை வரும் குழந்தை கண்டுபிடித்துவிடும். அதனால் உடைக்கு ஏற்ற ஆளைத் தேடுகிறார்கள். சரி, வருகிறேன் என்றேன்.

காலையில் பார்க் திறக்க இரண்டு மணி நேரம் முன்னால் போய்விட்டேன். எனக்குத் துணையாக ஓர் அக்காவைப் போட்டிருந்தார்கள். வேஷக்காரர் வெளியே போகும்போதெல்லாம் பக்கத்திலேயே நடந்து, வழி காட்டி, கூட்டத்தை ஒழுங்குபடுத்துபவர்கள் இவர்கள். அட்டெண்டன்ட் என்று சொல்கிறார்கள். இந்த அக்கா முன்பு பல வருடம் வேஷம் போட்டவர், முழங்கால் வலி வந்த பிறகு துணைக்கு வரும் வேலைக்கு மாறியவர்.

முதலில் ஒரு துணிப்பையைக் கையில் கொடுத்தார். உள்ளே புதிதாகத் துவைத்த பனியன், கால்சட்டை, தலைக்கும் கழுத்துக்கும் சேர்த்துப் போடும் மெல்லிய முகமூடி. "இது உங்களுக்கு மட்டும் தம்பி, வேற யாருக்கும் கொடுக்காதீங்க, வேற யார்கிட்டயும் வாங்காதீங்க" என்றார். இதைப் போய் இவ்வளவு அழுத்திச் சொல்கிறாரே என்று அப்போது நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. புளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் வேஷம் போடுபவர்கள் உள்ளாடைகளைப் பொதுவில் மாற்றி மாற்றிப் போட வேண்டியிருந்திருக்கிறது. பேனும் சொறியும் தொற்றுவதாகப் புகார் சொல்லி, டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் மூலம் பேசி, ஆளுக்குத் தனியாக உள்ளாடை என்ற உரிமையை அவர்கள் வாங்கியது 2001-ல். அந்தத் துணிப்பைக்குப் பின்னால் எத்தனை பேருடைய அரிப்பும் அவமானமும் இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

உடம்பு சுலபம்தான். வயிற்றுக்குப் பஞ்சு வைத்த ஒரு திண்டு, அதன் மேல் செயற்கை ரோம உடை, முதுகில் ஜிப், கையுறை, என் செருப்பு அளவைவிட ரொம்பப் பெரிய பாதம். தலைதான் விஷயம். ஃபோமில் செதுக்கி ரோமம் ஒட்டிய தலை, உள்ளே ஹெல்மெட் மாதிரி ஒரு கூடு, தாடைக்குக் கீழே வார், உச்சியில் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஃபேன். அதைப் போட்டதும் முதலில் மாறியது சத்தம். வெளியே பேசுவது எல்லாம் பக்கத்து அறையில் பேசுவது போல ஆனது, என் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது.

அப்புறம் கண். கரடியின் கண்கள் என் நெற்றிக்கும் மேலே இருக்கின்றன, அவை வெறும் பிளாஸ்டிக். நான் பார்ப்பது கரடியின் திறந்த வாய்க்குள் கட்டியிருக்கும் கறுப்பு வலை வழியாக. ஒரு தபால் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு வாய் வழியே தெருவைப் பார்ப்பது மாதிரி. இடமும் வலமும் தெரியாது, மேலே தெரியாது.

கண்ணாடி முன்னால் நிறுத்தி அக்கா ஒரு பாடம் நடத்தினார். தன் கையை ஒரு குழந்தையின் உயரத்துக்கு வைத்துக்கொண்டு, "இந்தக் குழந்தையைப் பாருங்க" என்றார். நான் வலை வழியாகக் கையைப் பார்த்தேன். "இல்ல, நீங்க பார்க்கிறீங்க. கரடி பார்க்கல. கரடி எனக்குப் பின்னாடி இருக்கிற சுவத்தைப் பார்க்குது" என்றார். கண்ணாடியில் பார்த்தால் அது உண்மை. கரடியின் பார்வை குழந்தையின் முகத்தில் விழ வேண்டுமென்றால் நான் தாடையை நன்றாக இறக்க வேண்டும். அப்படி இறக்கினால் வாயும் சேர்ந்து இறங்கிவிடும், எனக்குத் தரைதான் தெரியும். அதாவது, கரடி தன்னைப் பார்க்கிறது என்று ஒரு குழந்தை நம்பும் அந்த நேரத்தில், உள்ளே இருப்பவனுக்கு அந்தக் குழந்தையின் முகம் தெரியாது. அதன் செருப்பு தெரியும். அன்று முழுக்க நான் குழந்தைகளைச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் தெரிந்துகொண்டேன்.

முகம் மாறாத ஒரு தலையை வைத்துக்கொண்டு சந்தோஷம், வெட்கம், வருத்தம் எல்லாம் எப்படிக் காட்டுவது? அதற்கும் சாய்வுதான் வழி. ஜப்பானின் நோ நாடகத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது. முகமூடியைக் கொஞ்சம் மேலே தூக்கினால் தெராசு, வெளிச்சம் படுவது. கீழே சாய்த்தால் குமொராசு, மேகம் மூடுவது. மரத்தில் செதுக்கிய அதே முகம் ஒரு சாய்வில் மலர்கிறது, இன்னொரு சாய்வில் வாடுகிறது. கரடிக்கும் அதே கணக்குதான். அதோடு, தலையை மட்டும் ஆட்டினால் அது வெளியே தெரியவே தெரியாது. 'ஆமாம்' என்று சொல்ல இடுப்பிலிருந்து ஆட வேண்டும். 'ஐயோ' என்றால் இரண்டு கைகளையும் கன்னத்துக்குக் கொண்டுபோய் முழங்காலையும் மடக்க வேண்டும். சும்மா நிற்பது என்று ஒன்று இல்லை, கை இரண்டும் தொங்கவிட்டு நின்றால் செத்த கரடி மாதிரி இருக்கும் என்றார் அக்கா.

1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறந்தபோது அங்கே நடமாடிய உருவங்களின் உடைகள் ஐஸ் கபேட்ஸ் என்ற பனிச்சறுக்கு நிகழ்ச்சிக் குழுவிடமிருந்து இரவல் வாங்கியவையாம். மேடைக்குச் செய்தவை, தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு. அவற்றைப் போட்டுக்கொண்டு திடீரென்று குழந்தைகள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று எனக்கு யோசனை ஓடிக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் தூரத்தில் நிற்கும் ரசிகருக்குக் கரடி எங்கே பார்க்கிறது என்பது பெரிய விஷயமே இல்லை, ஒரு அடி தூரத்தில் நிற்கும் நான்கு வயதுக்கு அது மட்டும்தான் விஷயம்.

முதல் முறை வெளியே போனது இருபது நிமிடம். பேசக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் வெளியே தலையைக் கழற்றக் கூடாது, குழந்தையைத் தூக்கக் கூடாது, போட்டோவில் இரண்டு கைகளும் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். நான் வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்தால் 'முடியவில்லை, உள்ளே கூட்டிப்போங்கள்' என்று அர்த்தம். அக்கா என் முழங்கையை ஒரு தடவை அழுத்தினால் நிற்க வேண்டும், இரண்டு தடவை என்றால் நடக்கலாம்.

கரடி வந்ததும் எல்லாக் குழந்தையும் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் என்று நினைத்தால் அது தப்பு. இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள் நிறைய பேர் அலறினார்கள். அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, மனிதனைப் போல நடந்து வருகிறது, ஆனால் இமைக்கவில்லை, பேசவில்லை, அப்பாவைவிடப் பெரிதாக இருக்கிறது. அப்படிப்பட்ட குழந்தையிடம் நான் போகவே கூடாது. கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் திரும்பி, மண்டியிட்டு, என் காலையோ கையையோ நானே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குழந்தைக்குத் தைரியம் வந்தால் அதுவே ஒரு அடி வைக்கும். பெற்றோர்தான் பொறுக்க மாட்டேன் என்கிறார்கள், அழுகிற குழந்தையை என் மடியில் திணித்துவிட்டு போட்டோவுக்கு நகர்கிறார்கள். அக்கா சிரித்துக்கொண்டே, ஆனால் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், குழந்தையைத் திரும்ப அவர்கள் கையில் கொடுத்துவிடுவார். "தூரத்திலிருந்து கை காட்டட்டும், அதுவே நல்ல போட்டோ" என்பார்.

சூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெயில் கடுமை என்று சொல்ல முடியாத நாள்தான், ஆனாலும் மூன்றாவது முறை வெளியே போனபோது முழங்கைக்குள் வியர்வை வழிந்து கையுறையில் தேங்கியது. உள்ளே இருக்கும் ஃபேன் அந்த ஈரக் காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிறது. வியர்ப்பது மட்டும் உடம்பைக் குளிர்விக்காது, வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், ஆனால் ரோமத்துக்குள் அது போக இடமில்லை, சொட்டுகிறது, அவ்வளவுதான். உடம்பு நீரை இழக்கிறது, சூட்டை இழக்கவில்லை.

இடைவேளையில் அக்கா ஐஸ் பை வைத்த வெஸ்ட்டை மாட்டிவிட்டு, தண்ணீர் கொடுத்து, அன்று என்ன கிழமை, நண்பனின் பெயர் என்ன என்றெல்லாம் கேட்டார். பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன், புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். ஆறு முறை போக வேண்டும் என்பது அட்டவணை. நான்கு முடிந்ததும் போதும் என்றுவிட்டார். எனக்கு ஒன்றும் இல்லை, இன்னும் இரண்டு போகிறேன் என்று வாதாடினேன். "ஒண்ணும் இல்லைன்னு உங்களுக்குத் தோணுதுல்ல, அதான் பயமா இருக்கு" என்றார். மேலாளரிடம் அவரே போய்ப் பேசிவிட்டு வந்தார்.

அவர் செய்தது எவ்வளவு சரி என்று பின்னால் தெரிந்தது. உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். அதனால் சூட்டு வேலைக்குப் புதிதாக வருபவரை முதல் நாள் வழக்கமான நேரத்தில் 20 சதவீதம் மட்டும் வேலை வாங்கி, பிறகு தினமும் 20 சதவீதத்துக்கு மேல் போகாமல் கூட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் தொழில் நல ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்கிறது. அந்த நாட்டின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, வேலையிடத்தில் சூட்டால் நேரும் சாவுகளில் ஏறக்குறைய பாதி முதல் நாளிலேயே நேர்கின்றன என்கிறது. முதல் நாள்! நான் போனதே ஒரே ஒரு நாள், அதுவும் முதல் நாள். அந்தக் கணக்கில் பார்த்தால் எனக்குப் போட்ட அட்டவணையே தப்பு. 2019 ஜூலையில் ஜப்பானின் ஒசாகா பகுதியில் ஹிராகாடா பார்க்கில் உருவ உடை அணிந்து நடன ஒத்திகை முடித்த 28 வயது ஊழியர் சூட்டுத் தாக்குதலில் இறந்துபோனார். அது நடந்தது நடுப்பகலில் இல்லை, பொழுது சாய்ந்த பிறகு. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆள் குறைகிறது என்பதற்காக என்னைப் போல ஒருவனை ஒரு நாளுக்குக் கூப்பிட்டு முழு அட்டவணையில் நிறுத்தும் பழக்கத்தை எல்லாப் பார்க்குகளும் விட வேண்டும், எவ்வளவு ஆசையாக வந்தாலும் அனுப்பக் கூடாது.

பெரியவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குழந்தை வாலைப் பிடித்து இழுத்தால் அது வேறு. வளர்ந்தவர்கள் பின்னால் வந்து தலையில் ஓங்கித் தட்டுகிறார்கள், ஓடிவந்து மேலே விழுகிறார்கள். ஃபோம் மெத்தென்று இருக்கும் என்று நினைப்பு. உள்ளே இருக்கும் கூடு நேராக மண்டையில் வந்து இடிக்கும், வார் தாடையை அறுக்கும், எதிர்பார்க்கவே முடியாத பக்கத்திலிருந்து வருவதால் கழுத்து சுளுக்கும். கத்தவும் முடியாது. தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே ஒரு ஆள் வேலை செய்துகொண்டிருக்கிறார், அது விளையாட்டு மாதிரி தெரிய வேண்டும் என்பதுதான் அந்த வேலை. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் வேஷக்காரர்களும் அணிவகுப்பில் ஆடுபவர்களுமாக ஏறக்குறைய 1,700 பேர் இருக்கும் பிரிவு 2024 மே மாதம் ஆக்டர்ஸ் ஈக்விட்டி சங்கத்தில் சேர வாக்களித்தது. ஆதரவாக 953, எதிராக 258. நடிகர்களுக்கான சங்கம் அது. நான்கு தடவை மட்டும் வெளியே போய்வந்த எனக்கே அது சரியான இடம் என்று படுகிறது.

நான்காவது முறையில்தான் அந்தச் சிவப்புச் செருப்பு வந்தது. கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. வலையில் முதலில் தெரிந்தது ஒரு பெண்குழந்தை, ஐந்து வயது இருக்கலாம், பத்து அடி தள்ளி நின்றிருந்தாள். வரவுமில்லை, ஓடவுமில்லை. நான் மண்டியிட்டேன். அக்கா என் முழங்கையை ஒரு தடவை அழுத்தினார், அப்படியே இருங்கள் என்று. ரொம்ப நேரம் இருந்தேன், தொடை நடுங்கியது. அவள் கிட்டே வந்ததும் தாடையை இறக்கினேன். முகம் போனது, தரை வந்தது, அதில் சிவப்புச் செருப்பு இரண்டு, வார் ஒன்று சரியாக மாட்டாமல். ஏதோ சொன்னாள், மெதுவாக, ஃபேன் சத்தத்தில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. இடுப்பிலிருந்து ஆடி 'ஆமாம்' சொன்னேன். செருப்பு இன்னும் ஒரு அடி நகர்ந்தது. கையுறைக்கு மேல் எதுவோ லேசாக வந்து அமர்ந்தது, அவள் கையாகத்தான் இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து செருப்பு திரும்பிப் போனது.

உள்ளே வந்து தலையைக் கழற்றியதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் அதைத்தான் கேட்டேன். "அக்கா, அந்தப் பாப்பா முகம் எப்படி இருந்துச்சு?"

அவர் தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே கிருமிநாசினி அடித்து, பெரிய ஃபேன் முன்னால் காயவைத்துக்கொண்டே சொன்னார். "சிரிக்கலை. வாயைத் திறந்து வச்சுக்கிட்டு மூச்சே விடாம நின்னா. நீங்க தலையைக் குனிஞ்சீங்கல்ல, அவளும் குனிஞ்சா. நீங்க சாஞ்ச பக்கமே சாஞ்சா. அப்புறம் உங்க கைமேல கை வச்சுட்டு, அவ அம்மாவைத் திரும்பிப் பார்த்தா, பார்த்தியா என்னைத்தான் பார்க்குதுன்னு."

இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். கையுறையைப் பிழிந்துகொண்டே முதலிலிருந்து சொன்னார்.