கிளட்சில் கால் வைக்கவே இல்லை

மே 4, 2025, ஞாயிறு

கத்திரி ஆரம்பித்த நாளே பெங்களூர் பயணம், தங்கை வீட்டுக்கு. பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் எண்பதில் க்ரூஸ் போட்டேன், அதாவது ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலே வண்டி அதே வேகத்தில் போகும் ஏற்பாடு. ஆம்பூர் வருவதற்குள் மூன்று முறை தானாக விட்டுவிட்டது. மூன்று முறையும் பாலத்து இணைப்பில் வண்டி தடக்கென்று ஏறி இறங்கியபோதுதான். வாணியம்பாடிக்கு அப்புறம் செட்டே ஆகவில்லை. மீட்டரில் க்ரூஸ் என்ற பச்சை விளக்கு வருகிறது. பக்கத்தில் 'செட்' வருவேனா என்கிறது.

பின்சீட்டில் அப்பா. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். "கிளட்ச் மேலயே கால வெச்சிக்கினு ஓட்டுவ, அதான்" என்றார். நான் வைக்கவில்லை. சொன்னால் நம்பவா போகிறார்?

மே 6, செவ்வாய்

ஷோரூம் சர்வீசில் காட்டினேன். ஸ்கேனர் மாட்டிப் பார்த்ததில் ஒரு கோளாறும் பதிவாகவில்லை. ஆனாலும் ஸ்டியரிங்கைக் கழற்றி கிளாக் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டுமாம், எட்டாயிரத்துச் சொச்சம்.

அது ஸ்டியரிங்குக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும் ஒரு நாடா. ஸ்டியரிங் எவ்வளவு சுற்றினாலும் வயர் அறுந்துபோகாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஹாரன், ஏர்பேக், பாட்டுச் சத்தம் கூட்டும் பொத்தான் எல்லாமே அதன் வழியாகத்தான். என் வண்டியில் ஹாரன் அடிக்கிறது, ஏர்பேக் விளக்கு எரியவில்லை, பாட்டும் கூடிக் குறைகிறது. க்ரூஸுக்கான ஓர் இழை மட்டும் போயிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பொத்தான் பக்கமே கை போகாதபோது பாலத்தில் மட்டும் ஏன் விட வேண்டும்? யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

மே 10, சனி

க்ரூஸ் விட்டுப்போனால் முதல் சந்தேகம் பிரேக் சுவிட்ச் மேல் வர வேண்டும். ராத்திரி மனைவியைப் பின்னால் நிற்கவைத்து பிரேக்கை மிதித்தேன். "மூணும் எரியுதுங்க, போதுமா? கொசு கடிக்குது."

போதாது என்று அப்புறம்தான் உறைத்தது. அந்த ஒரே சுவிட்சுக்குள் இரண்டு தொடர்புகள் உண்டு. மிதித்தால் ஒன்று சேர்ந்து விளக்கை எரிய வைக்கும். இன்னொன்று பிரிந்து க்ரூஸை வெட்டும். விளக்கு எரிவதை வைத்து இரண்டாவதும் சரி என்று சொல்ல முடியாது. நாளைக்குப் பழைய பைபாஸ் ரோட்டில் எலக்ட்ரீஷியன் பாயைப் பார்க்க வேண்டும். நேற்றே போயிருப்பேன், வெள்ளிக்கிழமை கடை இல்லை.

இன்னொன்று. வண்டிக்குள் கிடக்கும் கால்மிதியை உதறும்போது டிரைவர் பக்கத்தில் நீல பிளாஸ்டிக் துணுக்குகள். எந்த பொம்மையை உடைத்தாய் என்று பையனுக்குத் திட்டு. "நான் முன்சீட்லயே உக்காரல" என்று அழுதான்.

மே 11, ஞாயிறு

பாய் கோளாறு எண்களைப் பார்க்கவே இல்லை. ஸ்கேனரில் ஒவ்வொரு சுவிட்சும் அந்த நிமிஷம் என்ன சொல்கிறது என்ற பக்கத்தைத் திறந்தார். பிரேக் இரண்டும் ஒழுங்காக மாறின.

"கிளட்ச்ல இருந்து கால எடுங்க சார்."

"எடுத்தாச்சு பாய்."

"அமுக்கியிருக்கீங்கன்னு காட்டுதே."

குனிந்து என் காலைப் பார்த்தார். அப்புறம் டார்ச்சோடு பெடலுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துவிட்டார்.

பெடலின் மேல்முனையில் ஓர் ஓட்டை, அதில் பொத்தான் மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஸ்டாப்பர். பெடல் சும்மா இருக்கும்போது அதுதான் சுவிட்சின் முனையை அழுத்திப் பிடிக்கிறது. ஒன்பது வருஷம் வேலூர் வெயிலில் நின்ற வண்டி. பிளாஸ்டிக் அப்பளமாகி நொறுங்கியிருக்கிறது. பாதி ஒட்டிக்கொண்டிருந்தவரை வண்டி குலுங்கினால் மட்டும் முனை ஓட்டைக்குள் நழுவியது. மீதியும் கொட்டியதும் செட் ஆவதே நின்றுபோனது.

கோளாறு பதிவாகாததும் இதனால்தான். வண்டிக் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எதுவும் கெடவில்லை, டிரைவர் கிளட்ச் மிதிக்கிறார், அவ்வளவுதான். மிதித்தால் க்ரூஸை விட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சக்கரத்தை விட்ட இன்ஜின் வெறுமனே உறுமும்.

பாய் உள்ளங்கையை நீட்டினார். நீலத் துணுக்கு. வீட்டுக்குப் போகும்போது பையனுக்குக் குல்ஃபி வாங்கினேன். ஏன் என்று சொல்லவில்லை.

இப்போதைக்கு ஓட்டையில் ஒரு போல்ட்டும் நட்டும். பிரேக் பெடலின் ஸ்டாப்பரிலும் விரிசல் இருக்கிறதாம். அது கொட்டினால் பிரேக் விளக்கு அணையாமல் எரிந்து பேட்டரி காலியாகும். இரண்டுக்கும் சொல்லியாச்சு.

மே 15, வியாழன்

ஸ்டாப்பர் இரண்டும் வந்தன, மாட்டியாச்சு. சாமான் எண்பது ரூபாய், கூலி இருநூறு. எட்டாயிரம் என்று சொன்னவர்களிடம் போய்ச் சொல்ல ஆசைதான், வெயிலுக்குச் சோம்பல்.

மே 18, ஞாயிறு

பரீட்சை ஓட்டம், ஆம்பூர்வரை. பிரியாணி வாங்குவது உபரி வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எண்பதில் செட். எல்லாப் பாலத்திலும் தடக் தடக், ஒருமுறைகூட விடவில்லை.

முன்சீட்டில் அப்பா. இந்தச் சாதனத்துக்கு 1950இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ரால்ஃப் டீட்டருக்குச் சின்ன வயசிலிருந்தே கண் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டுறவன் பக்கத்துல உக்காந்து ரொம்ப பயந்திருப்பாரு" என்றார்.

மாதனூர் தாண்டியதும் என் காலைக் குனிந்து பார்த்தார்.

"கிளட்ச்ல வெக்கலப்பா. ரெண்டு காலும் சும்மாதான் இருக்கு."

"சும்மா இருக்கற கால பிரேக் கிட்ட வெய்யி."