தண்ணி வருதா?

சுவருக்கு அந்தப் பக்கம் முதல்முறை சத்தம் கேட்ட ராத்திரி நான் செய்த ஒரே காரியம், டிவி சத்தத்தைக் கூட்டி வைத்ததுதான். எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஏதோ சுவரில் மோதிய சத்தம், ஓர் ஆண் குரல், பக்கத்துவீட்டுப் பெண்ணின் குரல், அப்புறம் சட்டென்று அமைதி. அந்த அமைதிதான் விடியும்வரை தூங்கவிடவில்லை.

மறுநாள் லிஃப்டில் மேல்வீட்டுக்காரர், "ராத்திரி கேட்டுச்சா?" என்றார். எதிர்வீட்டுக்கும் கேட்டிருக்கிறது, கீழ்வீட்டுக்கும். வேறு யாராவது போவார்கள் என்று நாலு வீடும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருக்கிறோம்.

1968இல் டார்லி, லடானே என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்தார்கள். இன்டர்காமில் ஒருவர் வலிப்பு வந்து திணறுவது கேட்கும். தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அவர் திணறிக்கொண்டிருக்கும்போதே உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நாலு பேருக்குக் கேட்கிறது என்று நம்பியவர்களில் 31 சதவீதம்தான். அந்தச் சோதனைக்குத் தூண்டுகோல் 1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொலையானது. 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்று அப்போது பத்திரிகையில் வந்தது. அந்தக் கணக்கு ஊதிப் பெருக்கியது என்பது பிற்பாடு வெளிவந்தது. சோஃபியா ஃபரார் என்ற பக்கத்துவீட்டுப் பெண் அன்று படியிறங்கி ஓடி, உயிர் பிரியும் நேரத்தில் கிட்டியைத் தாங்கிப் பிடித்திருந்தார். 38 என்ற எண் எல்லாருக்கும் தெரியும். உதவிக்கு ஓடியவள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இரண்டாவது தடவை சத்தம் வந்தபோது எனக்கும் கால் நடுங்கியது. வீரமெல்லாம் எனக்கு வராது. செருப்பை மாட்டிக்கொண்டு போய் மணியடித்தேன். கதவு திறக்கக் கொஞ்ச நேரமானது. வாயில் முதலில் வந்தது: "எங்க வீட்டுல தண்ணி நின்னுபோச்சு. உங்க வீட்டுல வருதா?"

அந்த ஆள் என்னை முறைத்தார். உள்ளே போய்க் குழாயைத் திறந்து பார்த்தார். "வருதுங்க" என்றார். அவ்வளவுதான். அன்று அதற்குமேல் சத்தமில்லை. ஓங்கிய கைக்கு நடுவில் குழாய் பார்க்கப் போக வேண்டியிருந்தால் கோபத்தின் சூடு கொஞ்சம் இறங்கிவிடுகிறது போல. வெளியே ஆள் விழித்திருக்கிறது என்பதும் புரிந்துவிடுகிறது. 2008இல் இந்தியாவில் 'பெல் பஜாவோ' என்று இதையே ஓர் இயக்கமாக நடத்தினார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது: அடி விழும் வீட்டின் மணியை ஏதாவது சாக்குச் சொல்லி அடியுங்கள், போதும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். தலைக்கனம் ஏறி, அடுத்த வாரம் மாடிப்படியில் அந்த ஆளை மடக்கி நியாயம் கேட்டேன். பதில் பேசாமல் போய்விட்டார். அதற்கான பதில் அன்றிரவு அவள்மேல் விழுந்திருக்கிறது. பத்து நாள் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தவள், துணி காயப்போடும் இடத்தில் மெதுவாகச் சொன்னாள்: "அவர்கிட்ட பேசாதீங்க அக்கா. என்ன செய்யணும்னு என்கிட்ட கேளுங்க."

இவ்வளவு நாளும் அதை மட்டும் நான் கேட்டிருக்கவில்லை.

அன்று கேட்டேன். போலீசைக் கூப்பிடட்டுமா என்றதற்கு, "இப்ப வேண்டாம். கையில ஏதாவது எடுத்தார்னா, கழுத்தைப் பிடிச்சார்னா கேக்காம கூப்பிடுங்க" என்றாள். அவளுடைய சான்றிதழ்களும் கொஞ்சம் பணமும் ஒரு பையில் என் பீரோவுக்கு வந்தன. தேதியோடு எனக்குக் கேட்டதையெல்லாம் ஒரு நோட்டில் குறிக்கிறேன். என்றைக்காவது அவளுக்கு வேண்டியிருக்கும். போனில் படமெடுத்து ஊருக்கு அனுப்புகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. எடுத்தால் அவளிடம் கொடுங்கள், அவள் முடிவு செய்யட்டும்.

மேல்வீட்டுக்காரரிடம் அவள் சம்மதத்தோடு சொல்லிவைத்திருக்கிறேன். நான் மணியடிக்கும்போது அவர் சும்மா படியில் வந்து நிற்பார். ஆம்ஸ்டர்டாம், லான்காஸ்டர், கேப் டவுன் தெருக்களில் கேமராவில் பதிவான 219 சண்டைகளை ஆராய்ந்தவர்கள், பத்தில் ஒன்பதில் யாரோ ஒருவராவது குறுக்கே வந்தார் என்கிறார்கள். ஆள் கூடக்கூட, அப்படி ஒருவர் வரும் வாய்ப்பும் கூடியதாம். ஆய்வுக்கூடம் பார்த்தது தனி ஒருவர் எழுவாரா என்பதை, இவர்கள் பார்த்தது யாராவது ஒருவர் வருவாரா என்பதை. அதோடு, கண்ணெதிரே நடப்பதும் சுவர் வழியாகக் கேட்பதும் ஒன்றல்ல என்று நினைக்கிறேன்.

அவளுக்கும் எனக்கும் இப்போது ஓர் ஏற்பாடு. "தண்ணி வருதா அக்கா?" என்று போனில் செய்தி வந்தால் நான் செருப்பைக்கூடத் தேடக்கூடாது. இதுவரை இரண்டு தடவை வந்திருக்கிறது. இரண்டாவது தடவை மூச்சிரைக்க ஓடிப்போய் மணியடித்தேன். கதவைத் திறந்தவள் கையில் காலி வாளி. நிஜமாகவே தண்ணி நின்றுபோயிருந்தது.