மித்து சென்னின் பற்கள்

ஓவியர் மித்து சென்னின் கலப்பு ஊடக (பலவகைப் பொருள்களைச் சேர்த்துச் செய்யும்) ஓவியங்கள் தூரத்தில் இருந்து பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். கையால் செய்த காகிதம், மெல்லிய நீர்வண்ணம், பூ, பறவை, நிறைய வெற்றிடம். கிட்டே போனால்தான் பல் தெரியும், எலும்பு தெரியும், முடி தெரியும். பெண் வரைந்தால் இதமாக இருக்கும் என்று நம்பி வருகிறவரை அந்த இதத்தாலேயே உள்ளே இழுத்துவிடுகிறார்.

1971-இல் மேற்கு வங்கத்தில் பிறந்தவர். சாந்திநிகேதனின் கலைக் கல்லூரியான கலாபவனில் படித்தார். வங்காள மொழியில் கவிதையும் எழுதுவார். ஆரம்பகாலப் படைப்புகள் சிலவற்றில் முடியையே பொருளாக எடுத்துக்கொண்டார். தலையில் இருக்கும்வரை பூச்சூடிக் கொண்டாடுகிற அதே முடி, சோற்றில் கிடந்தால் நமக்குக் குமட்டுகிறது. பெண்ணுடல் மீதான நம் எண்ணம் முழுவதும் அதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது 'பிளாக் கேண்டி' வரிசை. அதில் ஆண்களின் உடல்களை வரைந்தார். வீரமாக இல்லை, மென்மையாக, காயப்படக்கூடியவர்களாக. காலங்காலமாக ஆண் ஓவியர்கள் பெண்ணைப் பார்த்து வரைந்தார்கள், சரி. இங்கே ஒரு பெண் திரும்பிப் பார்க்கிறார், ஆனால் பழிவாங்கும் கண்ணோடு இல்லை. அந்தப் பரிவுதான் என்னை அசைத்தது. 2010-இல், இந்தியாவின் சமகாலக் கலைக்கான முதல் ஸ்கோடா பரிசு அதற்குத்தான் கிடைத்தது.

அப்புறம் அந்தப் பற்கள் காகிதத்தை விட்டே வெளியே வந்துவிட்டன. 2014-இல் அமெரிக்காவின் மிச்சிகனில், செயற்கைப் பற்களையும் ஈறு நிறப் பல்செட் பொருளையும் கொண்டு சுமார் 80 அடி நீளத்துக்கு ஒரு சிற்பத்தைத் தொங்கவிட்டார். நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது.