பாட்டா வைத்திருந்த ரிவால்வருக்கு என்ன விலை?

ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்று வந்தபின், நாகர்கோவிலில் ஒரு துப்பாக்கிக் கடையில் பழுது பார்க்கிறேன். கைக்கு வருவதில் பெரும்பாலானது 12 போர் (bore, குழல் துளையின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கிதான், மலையோரத் தோட்டக்காரர்கள் பன்றி விரட்ட வாங்கியது. தேர்தல் அறிவித்ததும் உரிமக்காரர்களை ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்வார்கள் இல்லையா, அப்போது வீட்டு பீரோவில் வருஷக்கணக்காகக் கிடந்த பழைய பட்டாள ரிவால்வர்களும் வெளியே வரும். வைத்த கையோடு கேட்பார்கள்: இது எந்த வருஷத்துது, எவ்வளவுக்குப் போகும்?

வருஷம் சொல்வதற்கு எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும். முதலில் மடித்துத் திறந்து ஆறு அறையும் காலியா என்று பார்த்துவிடுவேன், அதைச் செய்யாமல் எதையும் தொடுவதில்லை. வெப்ளி கம்பெனியின் மார்க் 6 மாடல் என்றால் 6 அங்குல பேரல் (குழல்), .455 தோட்டா. பிரிட்டிஷ் படை 1915-ல் ஏற்றுக்கொண்டது. துப்பாக்கிச் சட்டத்தின் (ஃபிரேம்) இடப்பக்கத்தில் மார்க்கும் வருஷமும் குத்தியிருக்கும். 1921 முதல் 1926 வரை என்ஃபீல்டு அரசு ஆலையிலும் இதைச் செய்தார்கள், அவற்றில் கிரீடமும் ஆலைப் பெயரும் இருக்கும். 1932-ல் இதன் இடத்துக்கு வந்தது .38 என்ஃபீல்டு நம்பர் 2. அதில் வலப்பக்கம், தோட்டாவை அடிக்கும் சுத்தியான ஹாமருக்குக் கீழே பார்க்க வேண்டும். 1938-ல் ஹாமரில் கட்டைவிரலால் இழுக்கும் கொம்பை எடுத்துவிட்டு அதற்கு மார்க் 1 ஸ்டார் என்று பெயர் வைத்தார்கள். டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது கொம்பு மாட்டுகிறது என்று காரணம் சொல்வார்கள். ஸ்டார் குத்தியிருக்கிறது, ஆனால் வருஷம் 1938-க்கு முந்தியது என்றால் உடனே போலி என்று சொல்லிவிடக்கூடாது, பழையவற்றைப் பழுது பார்க்க எடுத்தபோது மாற்றி, ஸ்டாரையும் சேர்த்துக் குத்தியிருக்கிறார்கள்.

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் அம்மாவுடன் வந்தார். அவருடைய அப்பா பெயரில் உரிமம், அப்பா தவறிவிட்டார். "அண்ணே, இது எங்க பாட்டா முதலாம் உலகப் போருல, மெசபடோமியாவுல வச்சிருந்தது" என்றார். கொம்பில்லாத ஹாமரைப் பார்த்ததுமே அது ஒத்துவராது என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் எண்ணெய்த் துணியால் மெல்லத் துடைத்து லென்ஸில் பார்த்தேன். என்ஃபீல்டு என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆல்பியன் என்று இருந்தது, கீழே 1942. ஆல்பியன் ஸ்காட்லாந்தில் லாரி செய்த கம்பெனி, போர்க்காலத்தில் இதையும் செய்து கொடுத்தது. சொன்னதும் அந்த அம்மா முகம் வாடிப்போய், "மக்களே, அப்போ இது அவருக்குள்ளது இல்லியா?" என்றார்.

நான் அவசரப்பட்டு ஒன்றும் சொல்லவில்லை, பாட்டாவின் டிஸ்சார்ஜ் புக், அதாவது படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் பணிப் பதிவுப் புத்தகம் இருந்தால் எடுத்துவரச் சொன்னேன். நம் மாவட்டத்தில் பழைய ட்ரங்குப் பெட்டிகளில் அது பெரும்பாலும் கிடைத்துவிடும். திருவிதாங்கூர் படையில் இருந்தவர்கள் என்றால், அந்தப் பட்டாளங்களே பிற்பாடு மெட்ராஸ் ரெஜிமெண்டில் 9-வது, 16-வது பட்டாளங்களாகச் சேர்ந்ததால், படைப் பெயர் மாறியிருப்பதைக் கண்டு குழம்பக்கூடாது. புத்தகம் வந்தது. அவர் போனது இரண்டாம் உலகப் போருக்கு, பர்மா முனைக்கு. துப்பாக்கி சொன்ன வருஷத்துக்கு அது சரியாகப் பொருந்தியது. பேரனுக்கு வந்து சேர்வதற்குள் வாய்வழியில் போர்தான் மாறிப்போயிருக்கிறது. சட்டத்தில் இன்னொரு முத்திரையும் இருந்தது, இரண்டு அம்புக்குறிகள் முனையோடு முனை தொட்டபடி. படைச் சொத்து முறைப்படி விற்கப்பட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அதைக் காட்டியபோது அந்த அம்மா லென்ஸை வாங்கித் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மதிப்பு என்று வரும்போது நான் பார்ப்பது, பேரல், சிலிண்டர், சட்டம் மூன்றிலும் ஒரே எண்ணா, பூச்சு பழையதுதானா, முத்திரைகள் கூர்மையாக இருக்கின்றனவா என்பதைத்தான். இங்கேதான் எனக்கு மனசு கேட்பதில்லை. பளபளப்பாக இருந்தால் நல்ல விலை வரும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சிலர் குரோம் பூச்சே அடித்துக் கொண்டுவருகிறார்கள். முத்திரை தேய்ந்தால் வருஷமும் போச்சு, விலையும் போச்சு, அதை எந்த ஆர்மரராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. குளச்சல், முட்டம் பக்கம் என்றால் உப்புக்காற்று வேறு. தோலுறைக்குள்ளேயே போட்டு வைத்தால் தோல் ஈரத்தை இழுத்து, இரும்பில் குழி விழும். உறையைத் தனியாக வையுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசினாகிவிடும். மெஷின் ஆயில் லேசாகப் போதும்.

விலை கேட்டு வருகிறவர்கள் வெளிநாட்டு ஏலத்து விலையை மனசில் வைத்துக்கொண்டு வருவார்கள். இங்கே கதை வேறு. .38, .455 இரண்டும் தடைசெய்யப்பட்ட துளை அளவு (prohibited bore), அதற்கு மத்திய உள்துறை உரிமம் இருக்கிறவர்தான் வாங்க முடியும், அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. அதே வெப்ளி கம்பெனியின் .32 ரிவால்வர் என்றால் லட்சக்கணக்கில் கேட்பார்கள், ஏனென்றால் அது சாதாரண உரிமத்தில் வரும், 1980-களில் இறக்குமதியையும் நிறுத்திவிட்டார்கள். போருக்குப் போய் வந்ததற்கு வாங்க ஆளில்லை, போரே பார்க்காததற்கு அடிபிடி. எனக்கு இது சரியாகப் படவில்லை, ஆனால் பொய்யான தொகையைச் சொல்லி ஒரு குடும்பத்தை அலையவிட மாட்டேன்.

தக்கலைக்காரரிடமும் இதையேதான் சொன்னேன். உரிமக்காரர் இறந்துவிட்டால் ஆயுதத்தை ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்தாக வேண்டும், வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு மனு போடலாம். விற்கும் யோசனையோடு வந்தவர், அம்மா சொன்னதற்காக மனு எழுதினார். டிஸ்சார்ஜ் புக்கின் நகலையும், முத்திரைகள் தெரிகிற மாதிரி நான் எடுத்துக் கொடுத்த படங்களையும் அதோடு சேர்த்து வைத்திருக்கிறார்.