டாப்பைக் கழட்டினா அது பாத்த வேலையை யார் பாக்கறது

கார் டாப்பை வெட்டி கழட்டி மாட்டற மாதிரி பண்ணித் தரமுடியுமான்னு கேட்டு வர்றவங்க எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான் இருக்கும், மழை பேஞ்சா ஒழுகுமா, ஸ்பீடா போறப்ப பிச்சுக்கிட்டுப் பறந்துடுமா, கழட்டினத எங்க வைக்கறது. எல்லாம் நியாயமான கேள்விதான், ஆனா எங்க பட்டறையில இந்த மாதிரி வேலை எடுத்தா அதுக்கெல்லாம் போற நேரம் ரொம்பக் கம்மி. மீதி நேரம் பூரா, இத்தனை வருஷமா அந்த டாப்பு சத்தமில்லாம பாத்துட்டு இருந்த வேலையை இனிமே எந்தெந்த தகட்டுக்குப் பிரிச்சுக் கொடுக்கறதுங்கறதுலயே போயிடும்.

சேஸிஸ் தனியா பாடி தனியா இருக்கற வண்டின்னா பெருசா பிரச்சனை இல்ல. ஜீப் ராங்லர் மாதிரி வண்டியில கீழ ஏணி மாதிரி லேடர் சேஸிஸ் இருக்கு, மேல இருக்கற டாப்பை போல்ட்டு கழட்டி ஓரமா வச்சுட்டு ஜாலியா போகலாம். ஆனா இப்ப ஓடுற கார்ல பெரும்பாலானது மோனோகாக், அதாவது பாடியேதான் சேஸிஸ், தரை, பக்கவாட்டு, டாப்பைத் தாங்கற தூணுங்க (பில்லர்), டாப்பு எல்லாம் சேந்து ஒரு மூடின பெட்டி. தீப்பெட்டியில குச்சி இருக்கற உள்டப்பாவை மட்டும் உருவி ரெண்டு முனையும் பிடிச்சு முறுக்கிப் பாருங்க, அப்புறம் மேல்கூட்டுக்குள்ள சொருகிட்டு முறுக்கிப் பாருங்க, விஷயம் கையிலயே தெரிஞ்சுடும்.

சும்மா சொல்றேன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு கணக்கு. 100க்கு 100 மிமீ சதுர பைப், கனம் 1.5 மிமீ. அதுல நீளவாக்குல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே ஒரு கோடு கிழிச்ச மாதிரி வெட்டு போட்டா, எடை அப்படியே இருக்கும், பாக்கறதுக்கும் அதே பைப்தான், ஆனா முறுக்கத்தைத் தாங்கற விறைப்பு மூவாயிரத்துல ஒரு பங்குக்கும் கீழ போயிடும். மூடின பைப்புக்கு உள்ள அடைபட்ட பரப்போட வர்க்கம் கணக்குல வருது, திறந்துட்டா தகட்டோட கனம் மட்டும்தான் வருது, அதான் காரணம். கார் இந்த அளவுக்கு விழாது, ஏன்னா தரைக்குக் கீழயும் ஓரத்துலயும் வேற மூடின பெட்டிகள் இருக்கு, ஆனா எந்தப் பக்கம் சரியும்ங்கறது இதுதான்.

பெரிய கம்பெனிகளே இதோட மல்லுக்கட்டினவங்கதான். போர்ஷே 1965ல 911 டார்காவைக் காட்டினப்ப பின்னாடி அகலமா ஒரு வளையத்தை நிரந்தரமா வச்சுட்டு நடு டாப்பை மட்டும் கழட்ட விட்டாங்க. 1968 கார்வெட்ல டாப்பு ஒரே துண்டா கழரணும்னுதான் முதல்ல ஆசைப்பட்டாங்க, பாடி முறுக்கினதால நடுவுல ஒரு பட்டை வந்து உக்காந்துச்சு, டாப்பு ரெண்டு துண்டாச்சு. 1970ல வந்த ட்ரயம்ஃப் ஸ்டாக்லயும் விண்ட்ஷீல்டு ஃப்ரேமையும் பின் வளையத்தையும் சேத்து அதே மாதிரி T எழுத்து வடிவத்துல ஒரு டி பட்டை. மக்லாரன் 12சி ஸ்பைடருக்கு மட்டும் இந்தத் தலைவலி இல்ல, கார்பன் ஃபைபர் தொட்டியே முழு விறைப்பையும் கொடுக்கறதால டாப்பை எடுத்தும் கூடுதலா பலப்படுத்த வேண்டியிருக்கல. நம்ம கையில வர்றது தகடு வண்டி, அதனால நாம கார்வெட் கூட்டத்துல சேந்தவங்க.

வண்டி உள்ள வந்ததும் நான் முதல்ல பாக்கறது ரன்னிங் போர்டு. டோர் ஓரத்துல இருக்கற அந்தப் பெட்டிதான் டாப்பு போனதுக்கப்புறம் பெரிய சுமையைத் தாங்கப் போறது, அது உள்ளுக்குள்ள துருப்பிடிச்சுப் போயிருந்தா மேல பெயிண்ட் எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் வேலையைத் தொடறதில்ல. அடுத்தது கர்ட்டன் ஏர்பேக், இடிச்சா பக்கவாட்டுல திரை மாதிரி விரியறது. பல வண்டிகள்ல டாப்பு ஓரத்துலயே அது நீளமா ஓடுது, கேஸ் சிலிண்டரும் அங்கயேதான் எங்கயாவது இருக்கும், அதுல கட்டிங் வீல் பட்டா ஆளுக்கே ஆபத்து. கழட்டிட்டா அந்தப் பாதுகாப்பு வண்டிக்கு இனிமே இல்லைன்னு ஓனர் கிட்ட முகத்துக்கு நேரா சொல்லிடணும். சீட் பெல்ட்டோட மேல் ஆங்கர் பி பில்லர்ல, அதாவது முன் டோருக்குப் பின்னாடி இருக்கற தூணுல, இருக்கறதையும் அப்பவே யோசிச்சுடணும். புது வண்டிகள்ல ஏ பில்லருக்குள்ள, அதாவது விண்ட்ஷீல்டு ஓரத் தூணுக்குள்ள, ரொம்ப வலுவான போரான் ஸ்டீல் வேற இருக்கு, வெல்டிங் சூடு பட்டா பட்ட இடத்துல அதோட வலு போயிடும். அதனால கொஞ்சம் பழைய வண்டியா இருந்தா எனக்கு நிம்மதி, இதை வெளிப்படையா சொல்லி சிலரைத் திருப்பி அனுப்பினதும் உண்டு.

வெட்டறதுக்கு முன்னாடியே பாடி எவ்வளவு முறுக்குதுன்னு டெஸ்ட் எடுத்துடணும். சஸ்பென்ஷன்ல ஸ்பிரிங், ஷாக் அப்சார்பருக்குப் பதிலா கெட்டி ராடு போட்டு, பின்பக்கத்தை ஸ்டாண்டுல போல்ட்டு போட்டு அசையாம பண்ணிட்டு, முன்பக்கத்தை நடுவுல ஒரு முனையில உக்காருற பீம் மேல வச்சு, பீமோட ஒரு பக்கம் எடை தொங்க விடறோம். ரன்னிங் போர்டு நீளத்துக்கும் ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியா டயல் கேஜ், துளி அசைவையும் முள்ளால காட்டற அளவுக் கருவி. 50 கிலோவை நடுவுலேர்ந்து ஒரு மீட்டர் தள்ளித் தொங்கவிட்டா 490 நியூட்டன் மீட்டர் முறுக்கு. முன்னாடி 1200 மிமீ இடைவெளியில இருக்கற ரெண்டு கேஜுக்கும் 1 மிமீ வித்தியாசம் வந்தா அது 0.048 டிகிரி, வகுத்துப் பாத்தா ஒரு டிகிரிக்கு பத்தாயிரம் நியூட்டன் மீட்டர் சொச்சம். எடையை வைக்கும்போது முள்ளு ஒரு கோடு தாண்டிப் போய் நடுங்கி நிக்கும், எடுத்ததும் பழைய இடத்துக்குத் திரும்பணும், திரும்பாம அரைக்கோடு தள்ளி நின்னுட்டா எங்கயோ ஒரு ஸ்பாட் வெல்டு விட்டுப்போய் தகடு மேல தகடு வழுக்குதுன்னு அர்த்தம். கண்ணாடி மாட்டியே டெஸ்ட் எடுக்கணும், ஏன்னா பசை போட்டு ஒட்டின விண்ட்ஷீல்டும் விறைப்புல ஒரு பங்கு தருது, கழட்டிட்டு அளந்தா அந்தப் பங்கு கணக்குல வராது.

மொத்த நம்பரை விட எனக்குப் பிடிச்சது அந்த ஜோடி கேஜுகளை வச்சுப் போடுற கிராஃப்தான். முன்னாடிலேர்ந்து பின்னாடி வரைக்கும் எந்த இடத்துல எவ்வளவு முறுக்குதுன்னு ஒரு கோடு வரும். மூடின கார்ல அது ஓரளவு சீரா இறங்கும். டாப்பு இல்லாத கார்ல டோர் இருக்கற இடத்துல மட்டும் சட்டுனு செங்குத்தா விழும். இந்தக் கோட்டைப் பாக்காம வேலை செஞ்சா எங்க இரும்பு போடறோம்னே தெரியாம போட்டுட்டு இருப்போம். ஏன்னா முறுக்கம் துண்டு துண்டா கூடிக்கிட்டே போற விஷயம். மொத்த முறுக்கத்துல 70 பங்கு டோர் பகுதியில, 30 பங்கு மத்த இடத்துலன்னு வச்சுக்குவோம், மத்த இடம் பூராத்தையும் ரெண்டு மடங்கு விறைப்பாக்கினாக்கூட 100லேர்ந்து 85தான் ஆகும், டோர் பகுதியை மட்டும் ரெண்டு மடங்காக்கினா 65 ஆயிடும். இன்ஜின் பே பக்கம் ரெண்டு பக்க சஸ்பென்ஷன் மேல்முனையையும் சேக்கற ஸ்ட்ரட் பாரைப் பளபளன்னு மாட்டிட்டு வண்டி கிண்ணுனு ஆயிடுச்சுன்னு சொல்றவங்களைப் பாத்தா இந்த கிராஃபைத்தான் நீட்டத் தோணும்.

அப்ப டோர் பகுதியில என்ன பண்றது, ரன்னிங் போர்டுக்குள்ள கனமா ஒரு பைப்பை விட்டு வெல்டு பண்ணிட்டா போதாதான்னு எங்க வெல்டர் அண்ணனே கேப்பாரு. போதாது. டாப்பு இல்லாத கார் முறுக்கறப்ப ஒரு பக்க ரன்னிங் போர்டு மேல வளையும், இன்னொண்ணு கீழ வளையும், அது வளையாம இருக்கணும்னா பெட்டியோட உயரம் கூடணும், கூடவே அதோட ரெண்டு முனையையும் யாராவது இறுக்கிப் பிடிச்சிருக்கணும். முன்னாடி பிடிக்கறது ஃபயர்வாலும் (இன்ஜினுக்கும் உக்காருற இடத்துக்கும் நடுவுல இருக்கற தகடு) ஏ பில்லர் அடியும், பின்னாடி பிடிக்கறது சீட்டுக்குப் பின்னாடி இருக்கற தடுப்பு. அந்த மூலை தளர்வா இருந்தா நடுவுல எவ்வளவு கனமான பைப் இருந்தும் அது பாட்டுக்கு சும்மா கிடக்கும். அதனால உள்பக்கமா இன்னொரு பெட்டியை உயரமா கட்டி, அதை ஃபயர்வால்ல தட்டையா முட்டாம ஒரு முக்கோணத் தகடு போட்டு விரிச்சு சேத்து, சீட்டுக்கு அடியில குறுக்கு பீம் போட்டு, சீட்டுக்குப் பின்னாடி முழு அகலத்துக்கும் ஒரு தகட்டுத் தடுப்பும் அதோட சேந்த வளையமும் வச்சு, தரை நடுவுல நீளமா மேடா ஓடற கியர் டனலோட அடியில திறந்து கிடக்கற வாயை ஒரு தகடு போட்டு போல்ட்டால மூடுவோம். கடைசி வேலை ரொம்ப சுலபம், திறந்த பெட்டி மூடின பெட்டியாகுது, மேல சொன்ன கணக்குதான் இங்க நமக்கு சாதகமா வேலை செய்யும். ஏறி இறங்க சிரமமாத்தான் இருக்கும், லோட்டஸ் எலீஸ் 1996லேர்ந்து அவ்வளவு உயரமான ஓரத்தோடதான் வந்துச்சு, வாங்கினவங்க காலைத் தூக்கிப் போட்டு ஏறப் பழகிட்டாங்க.

ஹை ஸ்ட்ரென்த் ஸ்டீல் போட்டா இன்னும் விறைப்பா இருக்குமேன்னு அடிக்கடி வர்ற யோசனை. சாதா ஸ்டீலோ விலை ஜாஸ்தி ஸ்டீலோ, யங்ஸ் மாடுலஸ், அதாவது அந்த உலோகத்தோட விறைப்பு அளவு, ரெண்டுக்கும் 200லேர்ந்து 210 கிகாபாஸ்கல்தான். உடையறதுக்கு அதிக சுமை வேணும்ங்கறது மட்டும்தான் வித்தியாசம், வளையறதுல ஒண்ணும் இல்ல. ரோல் வளையத்துக்கு அந்த ஸ்டீல் பிரயோஜனம், ஏன்னா அங்க உடையக்கூடாதுங்கறதுதான் கேள்வி. ரன்னிங் போர்டுக்கு அந்தக் காசைப் பெட்டி உயரத்துல போடலாம்.

பலப்படுத்தற வேலை எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம்தான் டாப்பு. டோர் வாய்ல குறுக்கும் நெடுக்குமா தற்காலிக பைப் வெல்டு பண்ணி, மூலைக்கு மூலை அளவெடுத்து எழுதி வச்சுட்டு, வண்டியோட எடை சஸ்பென்ஷன் பாயிண்ட்லயே உக்காந்திருக்கான்னு பாத்துட்டு வெட்டறோம். கடைசி பில்லரை மட்டும் கிரைண்டர்ல வெட்ட விடமாட்டேன், ஹாக்சாதான். வெட்டு முடியற நேரத்துல பிளேடு லேசா பிடிச்சா பாடி உள்பக்கமா அமுங்குது, வெட்டு வாய் பிளந்தா வெளிய போகுது, ரெண்டும் இல்லாம பிளேடு சும்மா சறுக்கிட்டுப் போனா பைப்பும் பலப்படுத்தினதும் சுமையை வாங்கிக்கிச்சுன்னு அர்த்தம். அந்த நேரத்துல பட்டறையில ரேடியோவைக்கூட நிறுத்திடுவாங்க.

வெல்டிங் பத்தி அதிகம் சொல்லத் தேவையில்ல, ஒரே இடத்துல நீளமா ஓட்டாம இங்க கொஞ்சம் அங்க கொஞ்சம்னு மாறி மாறி வச்சா தகடு கோணாது. அதை விட முக்கியம் வெல்டுக்குப் பின்னாடி, புதுசா மூடின ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில தண்ணி வடியற ஓட்டை விட்டு உள்ள துருவைத் தடுக்கற கேவிட்டி வேக்ஸ் மெழுகு அடிக்கணும். இதை விட்டுட்டா நாமளே கட்டின பெட்டியை நாமளே உள்ளேர்ந்து துருப்பிடிக்க விட்ட மாதிரி.

இப்ப கழட்டற டாப்பு. அதுவும் விறைப்புல பங்கு தரட்டுமேன்னு சிலர் இறுக்கமா மாட்டற மாதிரி பண்றாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அதை எண்ணி பாடியை இளக்கமா விட்டா, கழட்டி வச்சுட்டு ஓட்டற நேரத்துல, அதாவது எதுக்காக இத்தனையும் பண்ணமோ அந்த நேரத்துல வண்டி தொளதொளன்னு இருக்கும். அதோட பாடி அசையற ஒவ்வொரு முறையும் லாட்ச் தேயும், கிரீச் கிரீச்னு சத்தம் வேற. அதனால டாப்பு ஃபைபர்ல நடுவுல ஃபோம் வச்சு லேசா, முன்பக்கம் ஓட்டையில சொருகற பின்னு ரெண்டு, பின்பக்கம் லாட்ச் ரெண்டு, சுத்தி ரப்பர் பீடிங், பீடிங்கைத் தாண்டி வர்ற தண்ணிக்கு ஒரு கால்வாய். பறந்துடுமான்னு கேட்டவங்களுக்கான பதிலும் இங்கதான். 120 கிமீ வேகத்துல காத்தோட அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு 670 நியூட்டன் கிட்ட, டாப்பு மேல காத்து உறிஞ்சறது அதுல பாதியா இருந்தாலே ஒரு சதுர மீட்டர் டாப்பை 30 கிலோவுக்கு மேல தூக்கும், முழுசா இருந்தா 60 தாண்டிடும், எதிர்ல லாரி வந்தா இன்னும் திடீர்னு ஒரு இழுப்பு. அதனால லாட்ச் ஒண்ணு விட்டாலும் பிடிச்சுக்கற மாதிரி ரெண்டாவதா ஒரு கொக்கி கட்டாயம்.

எல்லாம் முடிஞ்சு ரோட்டுல விட்டா டேஷ்போர்டும் ஸ்டீயரிங்கும் லேசா நடுங்கற சமாச்சாரம் மிச்சம் இருக்கும். சக்கரம் குதிக்கறது ஒரு செகண்டுக்கு 10லேர்ந்து 15 தடவை, டாப்பு இல்லாத பாடியோட முறுக்க அதிர்வும் அந்தப் பக்கமா இறங்கி வந்துடுது, ரெண்டும் கிட்ட வந்தா ஒண்ணை ஒண்ணு ஆட்டி விடும். 1967 கமாரோ கன்வர்ட்டிபிள்ல நாலு மூலையிலயும் ஸ்பிரிங்ல தொங்கற எடையை வச்சே அதை அடக்கினாங்க, அமெரிக்காவுல அதுக்கு காக்டெயில் ஷேக்கர்னே பேரு. நாங்களும் டிக்கி ஓரத்துல பேட்டரியை ரப்பர் மவுண்ட்ல உக்கார வச்சு அந்த மாதிரி பண்ணிப் பாத்திருக்கோம், ரப்பரை மாத்தி மாத்திப் போட்டா ஓரளவு அடங்கும், முழுசா போகாது.

வண்டி எடுக்க வர்றவங்க கிட்ட நடுவுல டி பட்டை ஒண்ணு வச்சிருந்தா இந்த நடுக்கம் இன்னும் குறைஞ்சிருக்கும்னு இப்பவும் சொல்லுவேன். வானம் முழுசா தெரியணும் சார்னு சிரிச்சுட்டே சொல்லுவாங்க. சரின்னு ஒரு முன் சக்கரத்தை மட்டும் கட்டை மேல ஏத்தி நிறுத்தி, ரெண்டு டோரையும் அவங்க கையாலயே திறந்து மூடச் சொல்றது, முட்டாம மூடினா சாவியைக் கொடுக்கறது, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு போல்ட்டு டைட் பாக்க வாங்கன்னு சொல்லி அனுப்பறது.