ண-வின் சுழி அடைபடாத தாள்

வாழ்த்து அட்டைக்குத் தாள் வாங்கப் போனால் முதலில் எழுதிப் பார்க்க வேண்டிய எழுத்து ண. மூன்று சுழி அதற்கு. மை ஊறிப் பரவும் தாளில் மூன்றும் அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிடும். அடுத்து ழ, அதற்கடுத்து ஞ. இந்த மூன்றும் தெளிவாக விழுந்தால் அந்தத் தாளில் எதையும் எழுதலாம். கடைக்காரரிடம் ஒரு துண்டு கேட்டால் கொடுப்பார்கள். கையில் சொந்தப் பேனாவோடு போவது முக்கியம். கடைப் பேனாவில் நன்றாக வந்தது வீட்டுப் பேனாவில் பரவலாம்.

புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு கொடுப்பினை உண்டு. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் ஹேண்ட்மேட் பேப்பர் தொழிற்கூடம் 1959-லிருந்து இங்கே இருக்கிறது. பக்கத்தில் ஆரோவில் பேப்பர்ஸும் இருக்கிறது. ஹேண்ட்மேட் பேப்பர் என்பது அடிப்படையில் பருத்தித் துணி. துணிக் கழிவை அரைத்துக் கூழாக்கி, தொட்டியில் கரைத்து, சட்டமடித்த சல்லடையால் ஒவ்வொரு தாளாக அள்ளி, அழுத்தித் தண்ணீரை வடித்துக் காயவைப்பார்கள். பருத்தி இழை நீளமானது என்பதால் தாள் லேசில் கிழியாது, மடித்த இடம் விட்டுப்போகாது. மில் பேப்பரில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்த வாக்கில் மடித்தால்தான் ஓரம் வெடிக்காது. ஹேண்ட்மேட் பேப்பரில் இழை எல்லாப் பக்கமும் கலந்து கிடப்பதால் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

ஆனால் எல்லா ஹேண்ட்மேட் பேப்பரும் எழுத உகந்ததல்ல. மை ஊறாமல் இருக்கக் கூழிலோ தாளின் மேலோ ஒரு பசைச் சத்து சேர்ப்பார்கள். அதை 'சைஸிங்' என்பார்கள். அது குறைவான தாள் பை செய்யவும் பெட்டி ஒட்டவும் நன்றாக இருக்கும், எழுத ஆகாது. சோதனை எளிது. விரலை நனைத்து ஒரு சொட்டு வையுங்கள். சொட்டு முத்தாக நின்றால் எழுதலாம். வைத்த உடனே உறிஞ்சிக்கொண்டால் வேண்டாம். மார்பிள் வேலை செய்த தாள் அழகுதான், அதில் எழுத்து எடுபடாது. அட்டைக்கு வெளிப்புறமாக அதை வைத்து, உள்ளே வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டிக்கொள்வது நல்லது.

அளவைப் பொறுத்தவரை சின்னதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) தாளில் ஏ5 அளவு ஒன்றை நடுவில் மடித்தால் 10.5-க்கு 14.8 செ.மீ. அட்டை கிடைக்கும். எடை சுமார் 8 கிராம். அதற்கேற்ற கவர் 5 கிராம். மொத்தம் 13. ஒரு 4-க்கு 6 அங்குல போட்டோவை உள்ளே வைத்தாலும் 17 கிராமுக்குள் நிற்கும். சாதாரணக் கடிதத்துக்கு 20 கிராம் வரை 5 ரூபாய் ஸ்டாம்ப். பெரிதாக இருக்கட்டும் என்று அதே தாளில் ஏ4-ஐ மடித்தால் அட்டை மட்டுமே 15.6 கிராம், பெரிய கவரோடு சேர்ந்து 25-ஐத் தொடும். இப்போது 10 ரூபாய் ஒட்ட வேண்டும். தெரியாமல் 5 ரூபாய் ஒட்டி அனுப்பினால், குறைந்த தொகையை இரட்டிப்பாக்கி வாங்குபவரிடம் வசூலிப்பார்கள். பொங்கல் வாழ்த்தை வாசலில் காசு கொடுத்து வாங்க வைப்பது போல ஒரு சங்கடம் வேறில்லை. சந்தேகமாக இருந்தால் கவுண்டரில் நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மடிப்பு சுத்தமாக விழ, ரீஃபில் தீர்ந்த பால்பாயிண்ட் பேனா ஒன்றும் ஸ்டீல் ஸ்கேலும் போதும். நடுக்கோட்டில் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, காலிப் பேனாவால் இரண்டு முறை இழுத்தால் பள்ளம் விழும், மறுபக்கம் மேடு தெரியும். மேடு உள்பக்கம் வருமாறு மடியுங்கள். பலர் இதை மாற்றிச் செய்துவிட்டுத் தாள் சரியில்லை என்பார்கள். ஓரத்தைக் கத்தரியால் வெட்டினால் ஹேண்ட்மேட் பேப்பரின் அழகே போய்விடும். வெட்ட வேண்டிய கோட்டில் நனைத்த பிரஷ்ஷால் இரண்டு தடவை இழுத்து, ஒரு நிமிடம் விட்டு, இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்தால் இழை பிரிந்து பஞ்சு போன்ற விளிம்பு வரும்.

இனி எழுதுவது. தமிழுக்கு ஆங்கிலத்தைவிட வரி இடைவெளி அதிகம் வேண்டும். கி, கீ-யின் மேல்சுழியும் ரு, ழ, ஞ-வின் கீழ்வாலும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க 9 மி.மீ. விட்டால் பார்க்க நன்றாக இருக்கும். பென்சிலில் கோடு போட்டு எழுதிவிட்டுப் பிறகு அழிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ரப்பர் பட்டால் ஹேண்ட்மேட் பேப்பரின் மேல் இழை பிசிறு கிளம்பி அழுக்காகிவிடும். ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து எழுதினால் வால் உள்ள எழுத்துகளெல்லாம் அடிமட்டமாகத் தட்டையாகிவிடும். கெட்டி அட்டையில் 9 மி.மீ. இடைவெளியில் நீளமாகச் சன்னல்கள் வெட்டிக்கொள்ளுங்கள். சன்னலின் உயரம் 6 மி.மீ. இருந்தால் போதும். எழுத்தின் உடம்பைச் சன்னலுக்குள் எழுதி, அட்டையை எடுத்துவிட்டு வால்களைக் கடைசியில் இழுத்துவிடலாம். பத்து அட்டை எழுதுவதற்குள் கை பழகிவிடும்.

பேனா விஷயத்தில் இரண்டு கணக்கு. உள்ளே எழுத மை பேனா பிடித்தவர்கள் மெல்லிய நிப் வைத்துக்கொள்ளுங்கள். தடித்த நிப் ண-வையும் ற-வையும் அடைத்துவிடும். கூரான நிப்பாக இருந்தாலும் தாளைக் கிழிப்பது போல அழுத்தினால் பஞ்சு இழை நிப்பில் சிக்கி, அடுத்த எழுத்தில் மை கோடு கோடாக வரும். அப்போது துணியால் நிப்பைத் துடைத்துவிட்டுத் தொடர வேண்டும். கவரின் மேல் முகவரிக்கு மட்டும் மை பேனா வேண்டவே வேண்டாம். சாதாரண பேனா மை சாயம்தான், நனைந்தால் ஓடிவிடும். பால்பாயிண்ட் மை எண்ணெய்ப் பிடிப்புள்ளது, தண்ணீருக்கு அசையாது. ஜெல் பேனாவில் இரண்டு வகையும் இருப்பதால், எழுதி ஒரு மணி நேரம் கழித்து ஈரத்துணியால் ஒற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். முகவரியின் மேல் வெள்ளை மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்துவிடுவது பழைய வழக்கம், இன்னும் வேலை செய்கிறது. ஸ்டாம்ப் ஒட்டும் மூலையில் மட்டும் தேய்க்கக் கூடாது. பசையும் பிடிக்காது, முத்திரை மையும் பிடிக்காது.

நனைவதைப் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு என்றால், கடலூர் புதுச்சேரிக் கரையில் வாழ்த்து அட்டைக் காலமும் மழைக்காலமும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே வரும். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் கரையேறியது. அது புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் அட்டை போகும் நேரம். ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. புயல் இல்லாத வருஷத்திலும் ஐப்பசி, கார்த்திகை காற்றில் இருக்கும் ஈரமே போதும், கவர்களின் மடல் தானாக ஒட்டிக்கொள்ளும். வாங்கிய கவர்களுக்கு இடையில் பட்டர் பேப்பர் வைத்து, மூடி இறுகும் பிஸ்கட் டின்னில், மருந்துப் புட்டியிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டைப் போட்டு வையுங்கள். ஸ்டாம்ப் வாங்கி வைப்பதற்கும் இதே வழி. இந்த ஈரத்தில் மை காய நேரம் பிடிக்கும். எழுதிய உடனே மடித்தால் எதிர்ப்பக்கத்தில் பதிந்துவிடும். இரவு முழுக்க விரித்து வைத்து, காலையில் மடித்தால் சரியாக இருக்கும். தாள் சுருண்டால் இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து மேலே புத்தகம் அடுக்குங்கள். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை ஒட்டும்.

குண்டூசி, ஸ்டேப்ளர் இரண்டும் கடற்கரை ஊரில் எதிரிகள். ஒரே மழைக்காலத்தில் துருவேறிச் செம்பட்டைக் கறை தாளில் இறங்கும். போட்டோவை இணைக்க நான்கு மூலையிலும் தாளில் சிறு வெட்டு வெட்டிச் செருகினால் போதும். அரக்கு முத்திரை கையில் பார்க்க அழகு, தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் அடி விழுந்தால் நொறுங்கும். மங்கலத்துக்கு மூலையில் மஞ்சள் தடவுவதானால் எழுதுவதற்கு முன்பே தடவிக் காயவிடுங்கள். பக்கத்தில் சுண்ணாம்போ சோப்புக் கையோ படக்கூடாது, மஞ்சள் சிவந்துவிடும்.

ஒட்டுவதற்கு மைதாப் பசை நல்லது. ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி போல மாறும்வரை சிறுதீயில் கிண்ட வேண்டும். புத்தகம் கட்டுபவர்கள் இதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பார்கள், பூச்சி அரிக்காமல் இருக்க. அது விஷம் என்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும், நாக்கால் நனைத்து ஒட்டுவதும் கூடாது. சொரசொரப்பான ஹேண்ட்மேட் கவரில் ஸ்டாம்ப் தன் பசையில் மட்டும் நிற்காது. அடியில் இந்தப் பசையை மெல்லியதாகத் தடவி, நான்கு ஓரமும் அழுத்திவிடுங்கள். கவரின் மடலுக்கும் அப்படியே.

என்ன எழுதுவது என்பதில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். இந்தச் சின்ன அட்டையில் ஒரு பக்கத்துக்கு ஐம்பது அறுபது சொல்தான் கொள்ளும், அது பெரிய நிம்மதி. அச்சடித்த வாழ்த்து வரிக்குக் கீழே பெயர் மட்டும் போட்டு அனுப்பினால் போனில் வரும் படத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். அவருக்கு மட்டும் பொருந்தும் ஒரு விஷயம் இருக்க வேண்டும். "அத்தை, இந்த வருஷம் கரும்பு வாங்கும்போது நீங்கள் கணு பார்த்து எடுப்பது ஞாபகம் வந்தது. அதேபோல் பார்த்து எடுத்தோம். பெரியவன் உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். மாமா முழங்கால் வலி இப்போது எப்படி?" இவ்வளவுதான். ஒருவரை மட்டும் நினைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பதே இதில் கிடைக்கும் சந்தோஷம். நூறு பேருக்குப் போனில் ஒரே தட்டலில் அனுப்பும்போது அது கிடைப்பதில்லை. முதலில் வேறு தாளில் எழுதிப் பார்த்து, வரி எண்ணிக்கொண்டு பிறகு அட்டையில் எழுதினால் கடைசி வரி ஓரத்தில் இடிக்காது. வலது மேல் மூலையில் ஊரும் தேதியும் போடுங்கள். வருஷத்தை விட்டுவிடாதீர்கள்; இருபது வருஷம் கழித்து எடுத்துப் பார்ப்பவர் முதலில் தேடுவது அதைத்தான்.

முகவரியில் அதிகமாகப் பிசகுவது பின்கோடு. 'கடலூர்' என்று மட்டும் போட்டால் போதாது. மஞ்சக்குப்பம் 607001, திருப்பாதிரிப்புலியூர் 607002, முதுநகர் 607003. அவசரமாக எழுதிய கடலூர் பார்ப்பவர் கண்ணுக்குக் கூடலூர் ஆகிவிடும், அது நீலகிரியில் இருக்கிறது, 643212. புதுச்சேரிக்குள் நகரம் 605001, முத்தியால்பேட்டை 605003, முதலியார்பேட்டை 605004, லாஸ்பேட்டை 605008. காரைக்கால் 609602, மாஹே 673310. ஏனாம் ஆந்திரத்துக்குள் இருப்பதால் 5-ல் தொடங்கும், 533464. தமிழ்நாட்டுக்குள்ளும் புதுச்சேரிக்குள்ளும் முகவரியைத் தாராளமாகத் தமிழில் எழுதலாம், எண்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கட்டும். பழைய எண், புதிய எண் இரண்டும் தெரிந்தால் இரண்டையும் போடுங்கள். அனுப்புநர் முகவரி கட்டாயம். இல்லையென்றால் சேராத அட்டை திரும்பி வர வழியில்லை. கட்டாயம் போய்ச் சேர வேண்டியதென்றால் ஸ்பீடு போஸ்ட்தான். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் அதோடு இணைந்துவிட்டது.

புதுச்சேரியில் பாதி வீட்டுக்கு பிரான்சில் ஒரு சித்தப்பாவோ அக்காவோ இருப்பார்கள். அங்கே பின்கோடு ஐந்து இலக்கம், ஊர்ப் பெயருக்கு முன்னால் வரும். 7 என்ற எண்ணை எழுதும்போது நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுங்கள். அங்கே 1-ஐ நீண்ட மூக்கோடு எழுதுவதால், கோடில்லாத 7-ஐ 1 என்று படித்துவிடுவார்கள். நாட்டின் பெயர் கடைசி வரியில் ரோமன் பெரிய எழுத்தில். உள்ளே விதை, பூ, துளசி எதுவும் வைக்க வேண்டாம், சுங்கத்தில் நிற்கும். மூன்று வாரம் முன்னால் போடுவது நல்லது. தாமதமானாலும் பாதகமில்லை, பிரெஞ்சுக்காரர்கள் புத்தாண்டு வாழ்த்தை ஜனவரி கடைசிவரை அனுப்புவார்கள். உள்ளூருக்குப் பொங்கல் வாழ்த்து என்றால் பத்து நாள் முன்பு. மழை நாளில் தெரு முனைப் பெட்டியை நம்பாமல் புதுச்சேரித் தலைமைத் தபால் நிலையத்துக்கே போய்விடுங்கள். அது ரங்கப்பிள்ளை வீதியில் இருப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் பொருத்தம்: 1736 முதல் இருபத்தைந்து வருஷம் தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரில் உள்ள வீதி அது. பெட்டியில் எத்தனை மணிக்குக் கட்டு எடுப்பார்கள் என்று எழுதியிருக்கும், அதற்கு அரை மணி முன்பு போட்டால் அன்றைக்கே கிளம்பும்.

வரும் அட்டைகளையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கவரை மேல்மடலில் பிய்க்காமல், குறுகிய ஓரத்தில் கத்தியால் கீறித் திறந்தால் ஸ்டாம்ப்பும் முத்திரையும் முழுதாகத் தங்கும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும், நூலால் கட்டி, கவர் வைத்தது போலவே டின்னில் வையுங்கள். தை பிறந்து ஈரம் குறைந்ததும் ஒரு காலைப்பொழுது டின்னைத் திறந்து, அட்டைகளை வெயில் நேராகப் படாத திண்ணையில் பரப்பிக் காற்றாட விட்டு, சிலிக்கா பொட்டலத்தை மாற்றி மூடிவிடலாம்.